வாழ்க்கைப்படுதலின் இலக்கணம்: 'முத்துமீனாட்சி'யும் இளமணப் பெண்ணின் மொழியும்

முன்னுரை

அ. மாதவையா (1872–1925) எழுதிய 'முத்துமீனாட்சி' தமிழ்ப் புனைகதை வரலாற்றில் தனித்த இடம் பெறத்தக்கது. 1892ஆம் ஆண்டு 'விவேக சிந்தாமணி' இதழில் 'சாவித்திரி சரித்திரம்' என்னும் பெயரில் வெளிவரத் தொடங்கி இடையில் நின்றுபோன இக்கதை, 1903இல் 'முத்துமீனாட்சி' என்ற பெயருடன் நூலாயிற்று. சிறு வயதிலேயே மணம் செய்து கொடுக்கப்பட்ட அந்தணப் பெண் ஒருத்தி, புகுந்த வீட்டில் பட்ட துன்பங்களையும், கணவனை இழந்ததையும், பின்னர் மறுமணம் செய்துகொண்டதையும் தானே எடுத்துரைப்பதாக அது அமைந்துள்ளது.

இதனை விதவை மறுமணத்தை வற்புறுத்தும் சீர்திருத்தக் கதையாகக் காண்பதே பெருவழக்கு. அந்நோக்கு தவறன்று, ஆயினும் முழுமையானதன்று. விதவையாவதற்கு முன் அப்பெண் மருமகளாக வாழ்ந்த காலம் ஒன்று உண்டு. தாலி ஏறிய நாளுக்கும் தாலி இறங்கிய நாளுக்கும் இடைப்பட்ட அக்காலத்தை எந்த மொழியில் சொல்வது என்பதே மாதவையா எதிர்கொண்ட கடினமான வினா. மணவாழ்க்கையைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் பெண்ணை எவ்விடத்தில் நிறுத்துகின்றன என்பதையும், அவ்விடத்திலிருந்து அவளைப் பேசச் செய்ததில் இக்கதை பெற்ற வெற்றியையும், அதன் எல்லையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. கொடுத்தலும் கொள்ளுதலும்

தொல்காப்பியக் கற்பியலின் முதல் நூற்பா, கரணத்தோடு கூடிய மணத்தை வரையறுக்கும்போது கொடுத்தல், கொள்ளுதல் என்னும் இரு வினைகளையே அடிப்படையாக வைக்கிறது. கொடுப்போர் பெண்ணின் சுற்றத்தார், கொள்வோன் தலைவன், பெண் செயப்படுபொருள். இந்த அமைப்பு இன்றைய பேச்சு வழக்கிலும் மாறாமல் நிற்கிறது. 'பெண் கொடுத்தோம்', 'பெண் எடுத்தோம்', 'கட்டிக்கொடுத்தார்கள்', 'கட்டிக்கொண்டான்' என்ற தொடர்களில் எழுவாயாக நிற்போர் பெற்றோரோ மணமகனோ ஆவர். சம்பந்திகளுக்கிடையே உள்ள உறவையே 'கொண்டான் கொடுத்தான்' என்று குறிக்கிறோம்.

பெண் எழுவாயாக வரும் வினை ஒன்று உண்டு. அது 'வாழ்க்கைப்படு' என்பது. 'அவள் அந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டாள்' என்ற தொடரில் அவளே எழுவாய். ஆனால் அவ்வினையை முடிப்பது 'படு' என்னும் துணைவினை. துன்பப்படுதல், கடன்படுதல், நோய்வாய்ப்படுதல் ஆகியவற்றில் வரும் அதே 'படு'தான் இங்கும் வருகிறது. செய்தலைக் காட்டாமல், தனக்கு நேர்வதற்கு உட்படுதலைக் காட்டும் வினை இது. 'அவன் அவளுக்கு வாழ்க்கைப்பட்டான்' என்று சொல்லும் வழக்கம் தமிழில் இல்லை. பெண்ணுக்கு எழுவாய் நிலை கிடைத்தாலும், வினை அவளைச் செய்பவளாக்கவில்லை.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது 'வாழாவெட்டி' என்னும் சொல். கணவனால் தள்ளிவைக்கப்பட்டவளையும் கொடுமை தாங்காது வெளியேறியவளையும் அச்சொல் வேறுபாடின்றிக் குறிக்கும். 'தள்ளி வைத்தான்' என்ற தொடரில் செயல் ஆணுடையது. ஆயின் அச்செயலின் விளைவாக ஒட்டும் பெயரில் 'வாழா' என்ற எதிர்மறைப் பெயரெச்சம் பெண்ணைச் சார்ந்தது. வாழ விடாதவன் பெயரின்றி நிற்க, வாழாதவள் பெயர் பெறுகிறாள். இதற்கு நேரான ஆண்பாற் சொல் இல்லை.

வயதைக் குறிக்கும் சொற்களிலும் ஒரு மறைப்பு உண்டு. பாட்டியல் நூல்கள் பேதை, பெதும்பை, மங்கை எனப் பெண்ணின் பருவங்களை நுட்பமாகப் பிரித்தன. அவற்றில் பேதையும் பெதும்பையும் சிறுமிப் பருவங்களே. ஆனால் மணப்பேச்சு தொடங்கியவுடன் அவ்வேறுபாடுகள் அனைத்தும் 'பெண்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பெண் பார்த்தல், பெண் கேட்டல், பெண் அழைப்பு ஆகிய தொடர்களில் எட்டு வயதினளும் இருபத்தெட்டு வயதினளும் ஒன்றே. 'பால்ய விவாகம்', 'குழந்தை மணம்' என்னும் அடைமொழித் தொடர்கள் சீர்திருத்த விவாதங்களின் வழியாகவே பெருகின. இளவயது மணமே இயல்பாக இருந்த சமூகத்தில் அதற்கு அடைமொழி வேண்டியிருக்கவில்லை. இயல்பானதற்குத் தனிப்பெயர் இராது; பெயரிடப்பட்ட பின்னரே அது வினாவுக்குரியதாகும்.

2. 'ஆர்' விகுதியும் உறவுப்பெயர்களும்

புகுந்த வீட்டில் சிறுமி எதிர்கொள்ளும் உறவினரின் பெயர்களை வரிசைப்படுத்தினால் ஓர் ஒழுங்கு புலப்படும். மாமனார், மாமியார், கொழுந்தனார், நாத்தனார் ஆகிய நான்கும் உயர்வு குறிக்கும் 'ஆர்' விகுதி பெற்றவை. நாத்தனார் அவளினும் இளையவளாக இருப்பினும் விகுதி மாறுவதில்லை. அவ்விகுதி பெறாத பெண்கள் இருவர்: மருமகளாகிய அவள், அவளைப் போன்றே மணத்தின் வழியாக அவ்வீட்டிற்குள் வந்த ஓரகத்தி. 'மருமகன்' என்ற சொல்லிலும் 'ஆர்' இல்லை எனலாம். ஆயினும் மருமகன் 'மாப்பிள்ளை' என அழைக்கப்பட்டு, 'மாப்பிள்ளை வந்திருக்கிறார்' என்று வினைமுற்றில் உயர்வைப் பெற்றுவிடுகிறான். மருமகள் 'வந்திருக்கிறாள்'. ஒரு குடும்பத்தின் அதிகார அடுக்கு முழுவதும் விகுதிகளிலேயே பதிவாகியுள்ளது.

திராவிட உறவுமுறையின் தனித்தன்மை ஒன்றையும் இங்குக் கருத வேண்டும். தந்தையின் உடன்பிறந்தாளும் கணவனின் தாயும் 'அத்தை' என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படுதல் தமிழகத்தின் பல சமூகங்களில் உள்ள வழக்கு. தாயின் உடன்பிறந்தானும் கணவனின் தந்தையும் 'மாமா'. முறைமணத்தின் இலக்கணம் இது என்பதை லூயி துய்மோனும் பின்னர் தாமஸ் டிரவுட்மனும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். இராவதி கார்வே 1953இல் வெளியிட்ட தம் நூலில், வடநாட்டு மணமகள் அந்நியர் வீட்டிற்குச் செல்வதையும், தென்னாட்டு மணமகள் அறிந்த உறவினர் வீட்டிற்குச் செல்வதையும் ஒப்பிட்டு, பின்னவளின் நிலை எளிதானது என்ற கருத்தை முன்வைத்தார்.

இக்கருத்து ஓரளவே பொருந்தும். உறவுப்பெயர் ஒன்றாக இருப்பதால் உறவின் தன்மையும் ஒன்றாகிவிடாது. பிறந்த வீட்டிற்கு விருந்தாக வந்த அத்தை ஒருத்தி. அவளே மாமியாராக அமர்ந்திருக்கும் வீட்டிலுள்ள அத்தை மற்றொருத்தி. 'மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்' என்ற பழமொழி, உறவுமுறை எத்தகையதாயினும் ஒரே செயலுக்கு இரு விலை உண்டு என்பதை ஒளிவின்றிச் சொல்கிறது. முறைமணம் சிறுமிக்கு வேறொரு தடையையும் விளைவிக்கக்கூடும். 'முறைப்பெண்', 'உரிமைப்பெண்' என்னும் சொற்கள் மணத்தை அவள் பிறந்தபோதே முடிவானதாகக் காட்டுகின்றன. புகுந்த வீட்டாரைப் பற்றி அவள் முறையிட்டால் அம்முறையீடு தந்தையின் உடன்பிறந்தாள் மீதான குற்றச்சாட்டாகிவிடுகிறது. கேட்க வேண்டியவரே கேட்க இயலாதவராகிறார்.

மாமியாரும் ஒரு காலத்தில் இவ்வாறே சிறுமியாக அவ்வீட்டில் புகுந்தவள் என்பதை மறத்தலாகாது. 'ஆர்' விகுதி அவளுக்கு வயதினால் மட்டும் வந்ததன்று. மகனைப் பெற்று, அவனுக்கு மணம் முடித்து, தனக்குக் கீழே ஒருத்தி வந்த பின்னரே அவள் மாமியாராகிறாள். அவ்வீட்டில் அவள் செலுத்தக்கூடிய அதிகாரம் ஏறத்தாழ அவ்வொருத்தியின் மேல் மட்டுமே. மாமியாரின் கொடுமையை அவளது தனிக்குணமாக மட்டும் சித்திரிக்கும் கதைகள் இவ்வமைப்பைக் காணத் தவறுகின்றன.

3. இரு வீடுகள்

தமிழில் பெண்ணின் இரு வீடுகளும் அவளுடைய வினைகளால் பெயர் பெற்றவை: பிறந்த வீடு, புகுந்த வீடு. இந்தியில் தாயைக் குறிக்கும் சொல்லடியாக 'மாய்கா' என்றும், மாமனாரைக் குறிக்கும் சொல்லடியாக 'சசுரால்' என்றும் வழங்குவர். அவை உரியவரால் பெயர் பெற்ற வீடுகள். தமிழ்ப் பெயரெச்சங்களுக்கு எழுவாயாகத் தொக்கு நிற்பவள் பெண்ணே. பிறந்தவளும் அவள், புகுந்தவளும் அவள். மேற்போக்காக நோக்கினால் இது பெண்ணுக்கு முதன்மை தருவதாகத் தோன்றும். ஆனால் பிறத்தலும் புகுதலும் ஓரிடத்தில் உரிமை பெறுதலைக் குறிப்பன அல்ல. ஒரு வீட்டில் அவள் பிறந்தாள், மற்றொன்றில் புகுந்தாள், அவளுக்கு உரிய வீடு எது என்பதை இரு சொற்களும் சொல்லவில்லை.

'மாமியார் வீடு' என்ற தொடர் பேச்சு வழக்கில் சிறைச்சாலையையும் குறிக்கும். இந்தியிலும் 'சசுரால்' அவ்வாறே வழங்குகிறது. இந்நகைச்சுவை ஆணின் வாயில் பிறந்தது என்பதை எளிதில் உணரலாம். மருமகனுக்கு மாமியார் வீடு உழைக்காமல் உண்டு இருக்கும் இடம். சிறையிலும் சோறு கிடைக்கும் என்பதே ஒப்புமை. அத்தொடரைப் பெண் சொன்னால் அங்கதம் மறைந்து நேர்ப்பொருளே எஞ்சும்.

அவ்வாறு நேர்ப்பொருளிலேயே ஒப்பிட்டுப் பார்த்த பெண் ஒருத்தி வரலாற்றில் உண்டு. பம்பாயைச் சேர்ந்த ருக்மாபாய், பதினொரு வயதில் தமக்கு மணமுடிக்கப்பட்ட தாதாஜி பீகாஜியுடன் வாழ மறுத்தார். 1884இல் தொடங்கிய வழக்கில், கணவனிடம் செல்லுதல் அல்லது ஆறு மாதச் சிறை என 1887இல் தீர்ப்பளிக்கப்பட்டபோது, சிறைக்குச் செல்லவே தாம் அணியம் என்று அவர் அறிவித்தார். 1888இல் பொருள் பெற்றுக்கொண்டு தாதாஜி தம் உரிமையைக் கைவிட்டார். ருக்மாபாய் பின்னர் மருத்துவரானார்.

பிறந்த வீட்டின் அருமை அதன் தொலைவைப் பொறுத்தது. அடுத்த ஊரிலிருந்து வந்த மருமகள் ஆடி மாதத்திற்கோ தலைப்பேற்றிற்கோ தாய்வீடு செல்வாள். அங்கே வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு ஓரிடமும் ஒரு காலமும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து தென் அந்தமானின் சௌல்தாரி போன்ற ஊருக்கு மணமாகிச் செல்பவளுக்கு அவ்வாய்ப்பு அரிது. 2024இல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயர் சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. கப்பற் பயணம் ஏறக்குறைய மூன்று நாள். 1858 முதல் தண்டனைக் குடியிருப்பாக வளர்ந்த அத்தீவுகளில் இந்தியே பல மொழியினர்க்கும் பொதுமொழி. அங்கே புதிதாகக் குடிபுகும் தமிழ்ப் பெண்ணுக்கு, தன் துயரைச் சொல்லத்தக்க மொழி வீட்டிற்கு வெளியே எளிதில் கிடைப்பதில்லை. வீட்டிற்குள் அம்மொழி பேசுவோரோ பெரும்பாலும் மாமியார் வீட்டாரே. பிறந்த வீடு கடலுக்கு அப்பால் சென்றுவிட்டால், புகுந்த வீடு என்ற சொல்லின் பொருளே இறுகிவிடுகிறது.

4. தன்மை ஒருமையின் பயன்

மேற்கூறிய சொல்லமைப்பைக் கருத்தில் கொண்டு 'முத்துமீனாட்சி'யை நோக்கினால், அதன் எடுத்துரைப்பு முறையின் சிறப்பு விளங்கும். தமிழில் முதல் நாவலாகக் கருதப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) தன்மையில் எழுதப்பட்டதே. ஆனால் அதில் 'நான்' ஓர் ஆண். மாதவையா அந்த 'நான்' என்பதை ஒரு மருமகளிடம் கொடுத்தார். அப்போது அவருக்கு இருபது வயது.

இது உத்தி வேறுபாடு மட்டுமன்று. இலக்கண வேறுபாடும் ஆகும். தமிழ்ப் படர்க்கை வினைமுற்று பாலையும் மதிப்பையும் கட்டாயமாகக் காட்டும். படர்க்கையில் கதை சொன்னால், சிறுமி ஒவ்வொரு வாக்கியத்திலும் 'வந்தாள், நின்றாள், அழுதாள்' என்று உயர்வில்லா விகுதியுடனும், அவளைச் சூழ்ந்தோர் 'வந்தார், சொன்னார்' என்று உயர்வு விகுதியுடனும் தோன்றுவர். கதைசொல்லியின் பரிவு எத்தகையதாயினும் குடும்பத்தின் அடுக்கு வினைமுற்றில் திரும்பத் திரும்ப உறுதிப்படும். தன்மை ஒருமையின் 'ஏன்' விகுதிக்கு அவ்வியல்பு இல்லை. 'வந்தேன்', 'அழுதேன்' என்பவற்றில் பாலும் இல்லை, உயர்வு தாழ்வும் இல்லை. தன்மைப் பெயர்களைப் பொதுப்பெயருள் அடக்கிய நன்னூலாரின் கருத்து இங்கு நினைக்கத்தக்கது. உறவுப்பெயர்களும் படர்க்கை விகுதிகளும் மருமகளுக்கு மறுத்த சமநிலையை மொழி தன்மை ஒருமையில் தந்து வைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்த அவளுக்கு வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்பதே தேவை.

எனினும் தன்மையில் பேசும் மனைவி மற்றொரு கட்டுக்குள் நிற்கிறாள். கணவனின் பெயரைச் சொல்லலாகாது. அவனை 'அவர்' என்றே சுட்ட வேண்டும். ஆகவே தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லும்போதும் அவள் 'அடித்தார்', 'துரத்தினார்' என்றே சொல்லியாக வேண்டும். குற்றச்சாட்டு மரியாதைப் பன்மையில் வெளிப்படுகிறது. இன்றும் முறையிடும் பெண்களின் பேச்சில் இது கேட்கக்கூடியதே. அவள் 'அடித்தான்' என்று விகுதியை மாற்றிச் சொல்லும் கணத்தில், கேட்போர் அடியை மறந்து அவளுடைய நாவடக்கமின்மையைப் பேசத் தொடங்குவர். விகுதியைக் காத்தாலோ, சொல்லப்படும் கொடுமை குறைந்து ஒலிக்கும். மருமகளைத் தன்மையில் பேசவைக்கும் எந்தப் புனைகதையும் இந்த இரட்டை நெருக்கடியைக் கடந்தாக வேண்டும். அந்நெருக்கடிக்குள் ஒரு சிறுமியை நிறுத்தி, அவளைக் கொண்டே முழுக்கதையையும் சொல்ல வைத்ததே மாதவையாவின் துணிவு.

ஆண் ஒருவர் பெண் குரலில் எழுதியதை ஐயுற்று நோக்குவோர் உளர். அவ்வையம் நியாயமானதே. சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டம் 1891இல் வந்தது. சிறுமி பூல்மணியின் இறப்பைப் பற்றிய கல்கத்தா வழக்கு (1890) அதற்கு முன் நாட்டை உலுக்கியது. அவ்விவாதத்தில் சாத்திரம் அறிந்தோரும் சட்டம் அறிந்தோருமாகிய ஆண்களின் குரலே மேலோங்கியிருந்தது. அதற்கு அடுத்த ஆண்டில் தொடங்கிய 'சாவித்திரி சரித்திரம்', விவாதப் பொருளாக இருந்தவளைப் பேசுபவளாக மாற்றிக் காட்டியது. அக்குரல் கடன் பெற்ற குரலே; ஆயினும் அத்தகைய குரல் ஒன்று இருக்க முடியும் என்பதை அது தமிழ் வாசகர்க்கு உணர்த்தியது.

5. கணவனின் இறப்பு என்னும் தீர்வு

இக்கதையின் எல்லை அதன் முடிவில் உள்ளது. புகுந்த வீட்டின் துன்பத்திலிருந்து நாயகி விடுபடுவது கணவனின் இறப்பால். அவள் நல்வாழ்வு அடைவது மறுமணத்தால். 1856ஆம் ஆண்டுச் சட்டம் விதவை மறுமணத்திற்கு இடம் தந்திருந்தது. 1881இல் கந்துகூரி வீரேசலிங்கம் இராசமுந்திரியில் அதனை நடத்திக் காட்டினார். 1889இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் இளம் விதவையான தம் மகளுக்குப் பம்பாயில் மறுமணம் செய்வித்தார். ஆகவே விதவைக்குச் சட்டமும் முன்மாதிரியும் இருந்தன. கணவன் உயிரோடிருக்கும் மருமகளுக்கோ இவ்விரண்டும் இல்லை. கதை, தீர்வு உள்ள இடத்தை நோக்கி நாயகியை நகர்த்திச் செல்கிறது.

பாரதியார் முடிக்காமல் விட்டுச்சென்ற 'சந்திரிகையின் கதை'யிலும் இப்போக்கைக் காணலாம். அதில் வரும் விசாலாட்சி இளம் விதவை. வீரேசலிங்கமும் சுப்பிரமணிய ஐயரும் கதைமாந்தராகவே இடம்பெறும் அக்கதையில் அவளுக்கு மறுமணம் நிகழ்கிறது. அவளும் விதவையாகவே கதைக்குள் வருகிறாள். மாதவையா எழுதிக்காட்டிய மருமகள் காலம் இங்குக் கதையின் களமாகவில்லை.

இத்தேர்வுக்கு ஒரு விலை உண்டு. துன்புற்ற மருமகள் விதவையானாலன்றி விடுதலை பெறாள் என்ற பொருள் கதையமைப்பிலேயே படிந்துவிடுகிறது. கணவன் இறவாத முத்துமீனாட்சிகளின் கதை அங்கே இல்லை. மறுமணத்தில்கூட அவளுக்குக் கிடைப்பது மற்றொரு வீடு; அது நல்லவனின் வீடாக அமைந்தது அவளுடைய நற்பேறு. ருக்மாபாய் கேட்டது இதுவன்று. வாழும் கணவனை மறுக்கும் உரிமையையே அவர் கேட்டார். அவ்வழக்கு முடிந்து நான்கே ஆண்டுகளில் எழுதத் தொடங்கிய மாதவையா அவ்வழியில் தம் நாயகியை நடத்தவில்லை.

நூறாண்டுகளுக்குப் பின், சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) இவ்விடைவெளியை நிரப்ப முற்படுகிறது. அந்நாவலில் வஹிதா உறவுக்குள்ளேயே மணம் முடித்துக் கொடுக்கப்படுகிறாள். புகுந்த வீடு அறிந்த வீடாக இருந்தும் அவளுக்கு அங்கு அமைதியில்லை. கார்வேயின் கருத்துக்கு இதைவிட வலுவான மறுப்பைப் புனைகதையில் காண்பது அரிது. நாவல் படர்க்கையில் எழுதப்பட்டதாயினும், பெண்கள் தமக்குள் பேசும் பேச்சே அதன் உடலாக அமைந்திருப்பதால், விகுதிகளின் அடுக்கு வெளியாள் பார்வையாக நிற்கவில்லை. அப்பெண்களே அதைச் சுமந்தும் மீறியும் பேசுகின்றனர்.

6. சட்டம் தந்த வினை

சொற்கள் மாறாது நிற்க, சட்டத்தின் வாக்கியங்கள் மெல்ல மாறின. ஹர்பிலாஸ் சாரதாவின் பெயரால் அறியப்படும் 1929ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்காக வைத்தது. 1978இல் அது பதினெட்டாயிற்று. இவ்விரண்டும் மணம் செய்விப்போரைத் தண்டிக்கும் சட்டங்கள். அவற்றின் எழுவாய் பெற்றோரும் மணமகனுமே. நடந்த மணம் செல்லாததாகவும் ஆகவில்லை. குழந்தை மணத் தடைச் சட்டம், 2006 வேறொரு வாக்கியத்தைச் சேர்த்தது. மணத்தின்போது குழந்தையாக இருந்தவர் தாமே அம்மணத்தை நீக்கக் கோரலாம். உரிய வயது வந்த பின் இரண்டு ஆண்டுகள் வரை அவ்வுரிமை நிற்கும். இளமணப் பெண் தன் மணத்தைப் பற்றிய வினைக்குச் செய்பவளாக நிற்கும் இடங்களுள் ஒன்று இது.

ஆயினும் உரிமை இருப்பதும் அதைச் சொல்ல மொழி இருப்பதும் வேறு. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இருபது முதல் இருபத்து நான்கு வயது வரையுள்ள பெண்களில் பதினெட்டு வயதிற்கு முன் மணமானோர் இந்தியாவில் 23.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 12.8 விழுக்காடு. இவர்களுள் ஒருத்தி மணத்தை நீக்கக் கோரினால் ஊர் அவளை எச்சொல்லால் அழைக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 'மணத்தை நீக்கியவள்' என்ற சொல் சட்டத்தில் உண்டாகலாம். தெருவில் கிடைப்பது 'வாழாவெட்டி' என்பதே.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் கருத்துகள் மூன்று. முதலாவது, தமிழில் மணத்தைக் குறிக்கும் வினைகள் பெண்ணைக் கொடுக்கப்படுபவளாகவோ உட்படுபவளாகவோ காட்டுகின்றன. புகுந்த வீட்டின் உறவுப்பெயர்கள் அவளை விகுதியளவிலேயே தாழ்த்துகின்றன. இரண்டாவது, 'முத்துமீனாட்சி'யின் சிறப்பு அது வற்புறுத்தும் மறுமணத்தைக் காட்டிலும் அது கையாளும் தன்மை ஒருமையில் உள்ளது. மருமகளுக்குச் சமநிலை தரும் ஒரே விகுதியை அவளிடம் ஒப்படைத்த முன்னோடிப் படைப்பு அது. மூன்றாவது, அக்குரலைத் தந்த ஆசிரியரே கணவனின் இறப்பைத் தீர்வாக்கியதால், கணவன் வாழும் காலத்துத் துன்பம் விதவைத் துன்பத்தின் முன்னுரையாகச் சுருங்கிவிட்டது.

'முத்துமீனாட்சி'யை விதவை மறுமண நாவல் என்ற வகைப்பாட்டிலிருந்து விடுவித்து, மருமகள் ஒருத்தியின் கூற்றாக மீண்டும் படித்தல் வேண்டும். அவ்வாறு படிக்கும்போது, நாட்டுப்புற வழக்காற்றிலும் பிற்காலப் பெண்கள் எழுத்திலும் நீதிமன்ற வாக்குமூலங்களிலும் 'ஏன்' விகுதியில் பேசப்பட்டவற்றை அதனோடு ஒப்பிட்டு ஆராய வழி பிறக்கும். 'வாழ்க்கைப்பட்டேன்' என்று சொல்லும் பெண் தன்னைப் பற்றிச் சொல்லும் பிற வினைகள் எவை என்பதைத் தொகுப்பது மொழியியலார்க்கும் திறனாய்வாளர்க்கும் பொதுவான பணியாகும்.